இரண்டாம் தடவை வேண்டாமென்று எழுதாதவள்

ஓடிப்போகிறவள் முன்வாசல் வழியாகப் போவாளா? புருஷன் சைக்கிள் கேரியரில் பெட்டியைக் கட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் நடப்பானா? மாமியார் புளிச்சோறு கட்டிக் கொடுப்பாளா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் பேசுங்கள் என்று தெருக்குழாயடியில் வைத்தே கேட்டேன். எதிர்வீட்டு லோகாம்பாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, “நான் சொல்லலக்கா, ஊரு சொல்லுது” என்றாள்.

“ஊருக்குன்னு தனியா ஒரு வாய் இருக்காடி? உன் வாயும் பக்கத்து வூட்டு வாயும் சேந்ததுதானே ஊரு?”

“ஒங்க மருமவ ஆபீசுல ஏதோ தப்பு பண்ணிட்டாளாம். அதான் தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திட்டாங்கன்னு பேசிக்கிறாங்க.”

“யானாம்ல கோதாவரி ஓடுதுடி லோகம். நாமதான் இங்க சொட்டு நீருக்குக் குடத்த வரிசை போட்டு நிக்கிறோம். எது தண்ணியில்லாத காடு?”

குழாயடியில் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பு வந்தால் வம்பு போய்விட்டது என்று அர்த்தமில்லை. அதனால்தான் இதைச் சொல்லி எழுதவைக்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நடந்தது தெரியும்.

எங்கள் வீட்டுக்குச் சொல்தா வீடு, அதாவது பட்டாளத்துக்காரர் வீடு, என்று பெயர். என் மாமனார் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பல் ஏறினார். கைக்குழந்தையோடு பெண்டாட்டியை விட்டுவிட்டுத்தான் போனார். ஓடிப்போனார் என்று யாராவது சொன்னார்களா? திரும்பி வந்தபோது தெருவே அவருக்கு எழுந்து நின்றது. அதெல்லாம் பழைய கதை என்றால் புதுக் கதையும் இருக்கிறது. போன வருஷம் லோகாம்பாளின் மகன் மஸ்கட்டுக்குப் போனான். புதுப்பெண்டாட்டியின் தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட வெளுக்கவில்லை. மாலை போட்டு, வேன் பிடித்து, தெருவெல்லாம் லட்டு கொடுத்து அனுப்பினார்கள். நானும் ஒரு லட்டு தின்றேன். ஆண்பிள்ளை போனால் லட்டு, பெண்பிள்ளை போனால் வம்பா?

என் மருமகள் பெயர் ஆரோக்கியசெல்வி. போலகத்துப் பெண். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள். என் மகன் சூசைராஜ் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறான். அவனுக்குக் கட்டிவைத்த மறு வருஷமே ஐஸ் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. அது அரசாங்கத்துக் கம்பெனி. வாசலில் நீளமாக ஒரு பெயர்ப்பலகை இருக்கும். அந்தப் பெயரை ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது ஐஸ் கம்பெனிதான். மீன்காரர்களுக்குக் குறைந்த விலையில் ஐஸ் கொடுப்பதற்கென்று புதுச்சேரி, எங்கள் காரைக்கால், மாஹே, யானாம் என்று நாலு ஊரிலும் தொடங்கினார்கள். தலைமை ஆபீஸ் புதுச்சேரியில்.

செல்வியின் வேலை டோக்கன் ஜன்னலில். விடியும்போதே கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். உள்ளே உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஐஸ் பாளம் பாளமாக மேலே வரும். ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வராது. யார் முதலில் வந்தாரோ அவருக்கு முதல் டோக்கன். முந்தி வந்தவன் மீன் பிழைக்கும், பிந்தி வந்தவன் மீன் நாறும். அதனால் அந்த ஜன்னலில் அடிதடி சாதாரணம். செல்வி போய் உட்கார்ந்த பிறகு அடிதடி நின்றது. கட்சிக்காரர் சீட்டு கொடுத்து அனுப்பினாலும் சரி, கோவில் திருவிழாவுக்கு அவசரம் என்று எங்கள் பங்குக் கோவிலிலிருந்தே ஆள் வந்தாலும் சரி, “வரிசையில நில்லுங்க” என்பாள். குரலை உயர்த்த மாட்டாள். மேட்டுத்தெரு மீன்காரர் ஒருவர் என்னிடமே சொன்னார்: “எங்க வலையிலகூட மீன் நழுவிப் போகும் ஆச்சி, ஒங்க மருமவ வரிசையில ஒரு பய நழுவ முடியல.”

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வரிசை என்பது அவளுக்கு விளையாட்டு இல்லை. பின்னால் நடந்ததெல்லாம் அதை வைத்துத்தான்.

என் பேத்தி பிலோமினா மடியில் பால் குடிக்கிற பருவத்தில் செல்விக்குச் சூப்பர்வைசர் வேலை வந்தது. ஆனால் இடம் யானாம். அந்தக் கம்பெனியில் இதற்கு ஒரு பழக்கம் உண்டு. மாஹே என்றால் மலையாளம், யானாம் என்றால் தெலுங்கு. காரைக்கால்காரனுக்கு இரண்டும் சைகோனைவிடத் தூரம். அதனால் பிரமோஷன் அங்கே என்று காகிதம் வந்தால், யாராக இருந்தாலும் ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எப்படி எழுத வேண்டும் என்று பியூனே வாயால் சொல்லுவார், அவ்வளவு மனப்பாடம். எழுதிக் கொடுத்தவருக்கு மற்றவர்கள் கை கொடுப்பார்கள். செல்வியும் எழுதிக் கொடுத்தாள். அவளுக்கும் கை கொடுத்தார்கள். அந்தக் காகிதத்துக்கு வால் உண்டு என்று எந்த மகராசனும் சொல்லவில்லை.

கொஞ்ச காலத்தில் காரைக்காலிலேயே சூப்பர்வைசர் இடம் காலியாகி அவளை அதில் உட்காரவைத்தார்கள். ‘வேண்டாம்’ என்றதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று எல்லோரும் நினைத்தோம். அதற்குப் பிறகு பெரும்புயல் அடித்தது. புயலுக்கு அடுத்த வருஷம் நூர் அகமது வந்தான்.

நூர் அகமது டைரக்ட். அப்படித்தான் கம்பெனியில் சொல்வார்கள். பரீட்சை எழுதி, நேராகச் சூப்பர்வைசராகவே வந்து உட்காருகிறவன் டைரக்ட். அடியிலிருந்து ஏறி வருகிறவள் பிரமோட்டி. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். காலேஜ் படித்த பிள்ளை, அப்பா கப்பலில் வேலை பார்த்தவர், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். முதல் பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்குத் தூக்குவாளி நிறைய பிரியாணி கொடுத்தனுப்பினான். செல்வியை “அக்கா, அக்கா” என்றுதான் கூப்பிடுவான்.

அப்போதுதான் அரசாங்கம் சம்பளத்தை மாற்றிப் போட்டது. புது ஸ்கேல் என்றார்கள். சூசைராஜ் எனக்கு அதைப் பலவிதமாக விளக்கிப் பார்த்தான். கடைசியில் எனக்கு இப்படித்தான் விளங்கியது. கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி சமையல்கட்டில் வேலை செய்துவிட்டு வந்து உட்கார்ந்தவள். இன்னொருவர் பத்திரிகை வைத்து அழைத்ததால் வாசல் வழியாக வந்தவர். வாசல் வழியாக வந்தவருக்குப் பாயசம் வரைக்கும் முழு இலை பரிமாறுகிறான். இவளிடம் வந்து, ‘நீ உள்ளே ஏற்கெனவே என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்? அதற்கு மேல் ஒரு கரண்டி வைக்கிறேன்’ என்கிறான். ஒரே பந்தி, ஒரே வேலை, அவளுக்கு ஒரு கரண்டி.

சம்பளம் கொஞ்சம் குறைந்தது என்பதோடு போயிருந்தால்கூட அவள் சகித்திருப்பாளோ என்னவோ. சம்பளத்தன்று கேஷியர் வராந்தாவில் மேசை போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மானேஜர் நீங்கலாக, மூத்தவர் பெயர் முதலில். யார் பெயர் முதலில் வருகிறதோ அவர் எதிர்க்கடையில் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுக்க வேண்டும். அது அந்தக் கம்பெனி வழக்கம். செலவுதான், ஆனால் அதில் ஒரு பெருமை. சூப்பர்வைசர் ஆனதிலிருந்து செல்வி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புது ஸ்கேலோடு புதுப் பட்டியலும் வந்தது. அந்த மாதம் கேஷியர் முதலில் “நூர் அகமது” என்றார். அதற்குப் பிறகு “ஆரோக்கியசெல்வி” என்றார்.

அந்தப் பிள்ளை பாவம், வழக்கப்படி எல்லோருக்கும் டீ சொன்னான். செல்வி தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு நேராக அதே கடைக்குப் போனாள். “எல்லாருக்கும் டீ, போண்டா. என் கணக்கு” என்றாள்.

“இப்பதானம்மா குடிச்சாங்க” என்றார் கடைக்காரர்.

“அது அவர் டீ. இது என் டீ.”

அன்றிலிருந்து மாதா மாதம் ஐஸ் கம்பெனியில் இரண்டு டீ, இரண்டு போண்டா. மூட்டை தூக்குகிற ஆட்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். அவர்களில் சூசைமுத்து என்று ஒருவன், வாயாடி. கோவில் வாசலில் என்னைப் பார்த்துச் சொன்னான்: “பெரியம்மா, ஒங்க மருமக கேசு சீக்கிரமா முடிஞ்சிடக் கூடாதுன்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு வர்றேன்.”

“நாசமாப் போறவனே, போண்டாவுக்காகவா மாதாவ இழுக்குற?”

“நாங்க என்ன பண்றது பெரியம்மா, எங்களுக்கு ஸ்கேலு போண்டாதானே?”

நூர் அகமதுவுக்கு இது தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டான். நான் மோர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினான்.

“அக்கா, நான் கேட்டு வாங்கலக்கா. பரிச்ச எழுதுனேன், கூப்பிட்டாங்க, வந்தேன். வாப்பாவும் இல்ல, தங்கச்சி ரெண்டு பேரு இருக்கு. எனக்கு வர்றத வேண்டாம்னு சொல்ல முடியுமா?”

“ஏன் வேண்டாம்னு சொல்லணும் தம்பி? நீ வாங்குறது நியாயம். நான் வாங்காம இருக்குறதுதான் அநியாயம். ஒன்னுதக் கொறைக்கச் சொல்லல, என்னுத ஏத்தச் சொல்றேன்.”

“அப்ப ஏன்க்கா என் போண்டாவ மட்டும் திங்க மாட்டேங்குறீங்க?”

“அது வேற. அது வரிசையில வருது.”

அவன் சிரித்துவிட்டான். அப்புறம்தான் மோர் இறங்கியது. போகும்போது, “எங்க டைரக்ட் ஆளுங்க சங்கத்துல ஒங்களுக்கு ஏத்துனா எங்களுக்கு மதிப்புக் கொறையும்னு பேசுறாங்கக்கா. நான் அதுல கையெழுத்துப் போடல” என்றான். போட்டிருந்தாலும் அவனை நான் பகைத்திருக்க மாட்டேன். பிழைக்க வந்த பிள்ளை. ஆனால் போடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

செல்வி மேலிடத்துக்கு எழுதினாள், திருப்பி எழுதினாள். பதில் வருவேனா என்றது. கடைசியில் நேரில் போவதென்று முடிவாயிற்று. சூசைராஜால் கடையை விட்டு வர முடியாது. நான் துணைக்குப் போனேன். புதுச்சேரி ஆபீஸில் ஓர் அதிகாரி, நல்ல மனிதர்தான், இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார்.

“இளையவருக்குச் சம்பளம் கூடுதலா வந்தா மூத்தவருக்கும் அதே அளவு ஏத்திக் குடுக்க விதி இருக்கும்மா. ஆனா நீங்க மூத்தவர் இல்லையே” என்றார்.

“அவர் வந்து சேரும்போதே நான் சூப்பர்வைசர் சார்.”

“நீங்க யானாம் வேண்டாம்னு எழுதிக் குடுத்தீங்கல்ல? அதனால காரைக்கால்ல உங்களுக்குக் குடுத்தது தற்காலிகம். அது நிரந்தரம் ஆனது அவர் சேர்ந்ததுக்கு அப்புறம். அதனால அவர்தான் மூத்தவர்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏன் சார், அந்தப் புள்ள வந்து நின்னப்ப இவதானே நாக்காலியில உக்காந்திருந்தா? நான் கண்ணால பாத்தேனே” என்றேன்.

“உக்காந்துதாம்மா இருந்தாங்க. ஆனா எங்க கணக்குல நின்னுக்கிட்டு இருந்தாங்க” என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கு வரவில்லை.

வெளியே வரும்போது சுவரில் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தின் முன்னால் செல்வி நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். நான் படியில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தேன். பஸ் சீர்காழி தாண்டியதும் என் பக்கம் திரும்பி, “அத்தை, யானாம்ல என்ன மீன் கெடைக்கும்?” என்று கேட்டாள்.

பெண்ணுக்குப் பசி என்று நினைத்து நான் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன்.

அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்பது பிறகு தெரிந்தது. யானாம் ஐஸ் கம்பெனிக்கு இன்சார்ஜ் வேண்டும். சூப்பர்வைசருக்கு மேலே உள்ள பதவி. அந்தப் பதவிக்கு இத்தனை வருஷம் வேலை பார்த்தது மொத்தமும் கணக்கு. டோக்கன் ஜன்னலில் உட்கார்ந்த காலமும் சேரும். அதனால் முதலில் கேட்க வேண்டிய ஆள் செல்வி. அவள் வேண்டாம் என்றால்தான் அடுத்தவர். இன்னொன்றும் உண்டு. இன்சார்ஜ் ஸ்கேலில் பிரமோட்டி, டைரக்ட் என்று பேதம் இல்லை. யார் உட்கார்ந்தாலும் முழு இலை.

ஒரு மாதத்தில் அவளுக்குக் காகிதம் வந்தது. வருகிறாயா, இல்லையா என்று கேட்டு.

அன்று சாயங்காலம் சூசைராஜ் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தான். செல்வி சோறு போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கெட்டவன் இல்லை, மெதுவானவன்.

“ஒத்தப் பொம்பளையா, தெரியாத பாஷையில... ஊரு என்ன சொல்லும் செல்வி?”

“ஊரு சொல்றத நான் மாசா மாசம் வராந்தாவுல கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டாவது பேரா.”

“வேற வழியே இல்லையா?”

“இன்னொரு தடவ வேண்டாம்னு எழுதலாம். அப்புறம் ஆயுசுக்கும் நான் ரெண்டாவது பேருதான். யாருகிட்டயும் போய்க் கேக்கவும் முடியாது. ரெண்டு வருஷம் இருந்துட்டு மாத்தல் கேக்கலாம். வரும்போது இன்சார்ஜாவே வருவேன்.”

பிலோமினா நடுவில் புகுந்து, “அங்கயும் ஐஸ் குடுப்பாங்களாம்மா?” என்றாள். அவளுக்கு ஒன்பது வயசு. செல்வி அப்போதுதான் கண் கலங்கினாள். அதுவரை கலங்கவில்லை. பிள்ளைக்குத் தெலுங்குப் பள்ளிக்கூடம் ஒத்துவராது, இங்கேதான் இருக்க வேண்டும் என்பதை அவள் சொல்லாமலே நாங்கள் புரிந்துகொண்டோம். அவள் என்னைப் பார்த்தாள். சூசைராஜும் என்னைப் பார்த்தான். அம்மா ஒரு வார்த்தை முடியாது என்று சொன்னால் தான் சொல்ல வேண்டியதில்லை என்று அவனுக்கு ஒரு நினைப்பு. பெற்றவளுக்குத் தெரியாதா?

நான் சொன்னேன்: “ஒங்க தாத்தா சைகோன்ல இருந்தப்ப ஒங்க அப்பாயி இந்த வூட்டுலதான் காத்துக்கிட்டு இருந்தா. காத்திருக்குறது சொல்தா வூட்டுக்குப் புதுசு இல்லடா. இந்தத் தடவ காத்திருக்குறவன் ஆம்பள, அவ்வளவுதான். புள்ளய நான் பாத்துக்குறேன். நீ சைக்கிளப் பாத்துக்க.”

சூசைராஜ் கையைக் கழுவிவிட்டு வந்து, “பெட்டிக்குப் பூட்டு மாத்தணும், துருப் புடிச்சுக் கெடக்கு” என்றான். அவன் சரி என்று சொன்னது அப்படித்தான்.

மறுநாள் காலையிலேயே செல்வி பதில் எழுதித் தபாலில் போட்டுவிட்டாள். அது தெரியாமல் அன்று சாயங்காலம் மானேஜர் கலியபெருமாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு ரஸ்தாளி. அந்த மனிதர் எங்கள் வீட்டுப் படியை அதுவரை மிதித்ததில்லை. செல்வி பிலோமினாவைக் கூட்டிக்கொண்டு கோவிலுக்குப் போயிருந்தாள்.

“ஒங்ககிட்டதாம்மா பேசணும்” என்றார். “பெரியவங்க நீங்க சொன்னா கேக்கும். யானாம்லாம் வேண்டாம்மா. கொழந்த இருக்கு, குடும்பம் இருக்கு. எப்பவும் போல வேண்டாம்னு எழுதிக் குடுத்துடச் சொல்லுங்க.”

“எழுதிக் குடுத்தா?”

“அடுத்தவரும் வேண்டாம்பாரு. எல்லாரும் வேண்டாம்னா மேலிடம் என்ன பண்ணும்? அந்தப் பதவியக் காரைக்காலுக்கே மாத்திக் குடுத்துடும். ஒருத்தரும் ஊரு விட்டுப் போக வேணாம். எல்லாருக்கும் நிம்மதி.”

“நல்ல யோசனைதான் தம்பி. இங்க வந்தா அதுல யாரு உக்காருவா?”

அவர் பழத்தைத் தாம்பாளத்தில் வைத்தார். கொஞ்சம் திருப்பி வைத்தார்.

“அது... வரிசைப்படிதாம்மா.”

“அப்ப என் மருமவ ரெண்டு தடவ வேண்டாம்னு எழுதினவளா ஆயிடுவாளே. அப்புறம் அவ வரிசையில எங்க நிப்பா? வாசலுக்கு வெளியேவா?”

“அம்மா, நான் நல்லதுக்குத்தான்...”

“தெரியும் தம்பி. நல்லதுக்கு வர்றவங்கதான் பழம் வாங்கிட்டு வருவாங்க.”

அவரை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. சண்டையில்லாமல் ஆபீஸ் நடக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள். ஆனால் சண்டையில்லாமல் இருப்பதற்கு எப்போதும் ஒரே ஆள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால் அது என்ன நிம்மதி? அந்த நேரம் செல்வி வந்துவிட்டாள். முக்காட்டைக்கூட எடுக்கவில்லை.

“வாங்க சார். காலைல தபால்ல போட்டுட்டேன் சார்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அதான பாத்தேன்! வேண்டாம்னுதானே?”

“வர்றேன்னு சார்.”

மனிதர் எழுந்து நின்றார். “யானாம்ல வெயில் ஜாஸ்தி” என்றார்.

“ஐஸ் கம்பெனியிலதானே சார் இருக்கப்போறேன்” என்றாள் செல்வி.

ரஸ்தாளியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த பழத்தைத் திருப்பக் கூடாது. நன்றாகப் பழுத்த பழம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

காரைக்காலில் அவளுக்குக் கடைசிச் சம்பளத்தன்று நடந்ததைச் சூசைமுத்து வந்து சொன்னான். கேஷியர் முதலில் நூர் அகமது பெயரைத்தான் கூப்பிட்டாராம். அவன் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லையாம். கேஷியர் மறுபடி கூப்பிட, “சார், எனக்கு மேல ஒரு பேர் இருக்கு, அத மொதல்ல கூப்பிடுங்க” என்றானாம். கேஷியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு செல்வியைப் பார்த்தாராம். இன்னும் சில நாளில் இன்சார்ஜ் ஆகப்போகிறவள். கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தாரோ, கூப்பிட்டுவிட்டார். செல்வி போய் வாங்கிக்கொண்டாள். எல்லோருக்கும் டீ சொன்னாள். அதற்கு அப்புறம் நூர் அகமது டீ சொன்னான். அன்றைக்கு அவன் போண்டாவை அவள் தின்றாளாம்.

“இனிமே ஒத்த டீதானா?” என்று சூசைமுத்து அழாத குறையாகக் கேட்டிருக்கிறான்.

“ஒத்த டீ இல்லடா” என்றானாம் நூர் அகமது. “அக்கா திரும்பி வர்ற வரைக்கும் அவங்க பேர்ல ஒண்ணு, எம் பேர்ல ஒண்ணு. அக்காவோடது மொதல்ல.”

இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. வேண்டுமானால் சம்பளத்தன்று எதிர்க்கடையில் போய்ப் பாருங்கள். தப்பு பண்ணிவிட்டு ஓடிப்போனவள் பெயரில் யாராவது மாதா மாதம் டீ வாங்கிக் கொடுப்பார்களா? இதையும் குழாயடியில் கேட்கத்தான் போகிறேன்.

அவள் புறப்பட்ட நாளை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். காலையில் பேரளம் வண்டி. பேரளத்தில் இறங்கி மாயவரம், அங்கிருந்து மதராஸ், அதற்கு மேல் வடக்கே போகிற ரயில். முந்தின நாளே பிலோமினாவுக்கு எதெது எங்கே இருக்கிறது என்று அவள் எனக்குக் காட்டிவிட்டாள். எனக்குத் தெரியாததா, ஆனாலும் காட்டினாள், நானும் பார்த்தேன். பிள்ளை தூங்கி எழுந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது. செல்வி குனிந்து பிள்ளையின் பின்னலை அவிழ்த்து, மறுபடி பின்னி, ரிப்பன் கட்டினாள். அழுத்திக் கட்டினாள். “அம்மா எப்ப வருவான்னு யாராவது கேட்டா என்ன சொல்லணும்?” என்றாள். “கிறிஸ்மஸுக்கு” என்றது பிள்ளை. “அவ்வளவுதான்” என்றாள்.

சூசைராஜ் சைக்கிளில் பெட்டியைக் கட்டிவிட்டான். புதுப் பூட்டு பளபளவென்று இருந்தது. நான் மாதா படத்துக்கு முன்னால் அவள் நெற்றியில் சிலுவை போட்டேன். கம்பெனிக்கு எப்போதும் கட்டுகிற அதே நீலப் புடவையைத்தான் கட்டியிருந்தாள். நல்ல புடவை கட்டு என்றேன். “இது போதும் அத்தை” என்றாள்.

வாசற்படியில் ஒரு காலை எடுத்து வெளியே வைத்தாள். சரியாக அந்த நேரம் எதிர்வீட்டு லோகாம்பாள் குடத்தோடு வெளியே வந்து, வாய் பொறுக்காமல், “எங்கடி செல்வி கெளம்பிட்ட?” என்று கேட்டுவிட்டாள்.

புறப்படுகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கேட்டுவிட்டால் உள்ளே திரும்பி, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்ப வேண்டும். நாங்கள் மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர்கள்தான், ஆனாலும் எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வோம். சூசைராஜ் சைக்கிளை நிறுத்திவிட்டான். நானும் செம்பை எடுக்க உள்ளே திரும்பினேன். தெருவில் இரண்டு மூன்று பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இவள் உள்ளே வருவாள், உட்காருவாள், உட்கார்ந்தால் மனசு மாறும் என்று லோகாம்பாள் எண்ணியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

செல்வி திரும்பவில்லை. படியில் நின்றபடி லோகாம்பாளைப் பார்த்துச் சிரித்தாள்.

“வேலைக்குக்கா” என்றாள். “தெனம் போறேனே, அந்த வேலைக்குத்தான்.”

மற்ற காலையும் எடுத்து வெளியே வைத்தாள். தெருவில் இறங்கி நடந்தாள்.